முறுக்குக் கம்பியும் மூன்று அங்குல ஆசையும்

மெக்கானிக்கல் படிக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் ஒரு உருண்டைக் கம்பியின் ஒரு முனையை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுமுனையை முறுக்கினால் எவ்வளவு திரும்பும் என்று ஒரு கணக்கு வரும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உருப்போட்டு, மறுநாள் கக்கிவிட்டு, அதற்கடுத்த நாள் மறந்துவிடுவது நம் மரபு. அந்தக் கணக்குக்கு நாலு சக்கரம் முளைத்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற கதைதான் இது. மற்ற டிபார்ட்மெண்ட் மக்களும் பயப்படாமல் உள்ளே வரலாம். சூத்திரம் ஒன்றே ஒன்றுதான், அதையும் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வெள்ளக்கடை. ஏற்காடு என்றதும் ஏரி, படகு, லேடீஸ் சீட், மே மாத மலர்க் கண்காட்சி என்று கிளம்பிவிடாதீர்கள். அதெல்லாம் டவுனில். நாங்கள் இருப்பது அதே ஏற்காடு ஒன்றியத்தில், காப்பிச் செடிக்கும் சில்வர் ஓக்குக்கும் அதில் ஏறிய மிளகுக் கொடிக்கும் நடுவே. தார் ரோட்டிலிருந்து இறங்கி வீட்டுக்கு வர ஒரு மண் பாதை. பாதையின் நடுவில் ஒரு பாறை, எருமை படுத்திருப்பதுபோல முதுகை மட்டும் வெளியே காட்டிக்கொண்டிருக்கும். ரெண்டு பக்கமும் சக்கரம் போய்ப் போய்ப் பள்ளமாகிவிட்டதால் எருமை வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே வந்தது.

வண்டி சித்தப்பாவுடையது. 2008 மாடல் டவேரா. பார்ப்பதற்குக் குடும்பக் கார், ஆனால் வம்சம் வேறு. இசுசுவின் பேந்தர் என்ற வண்டிதான் இங்கே செவர்லே பட்டை ஒட்டிக்கொண்டு டவேரா என்று வந்தது. இந்தோனேசியாவில் அதே பேந்தர் பிக்கப்பாகவும் ஓடியது. ஏணி மாதிரி சேஸி, பின்னால் லாரி போல பட்டை ஸ்பிரிங், முன்னால் டார்ஷன் பார் என்று அடியில் குனிந்து பார்த்தால் பிக்கப்பேதான். செவர்லே 2017 கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. ஆனாலும் மலை ஊர்களில் டவேராவும் குவாலிஸும் அவ்வளவு சுலபத்தில் சாகாது.

எங்கள் வண்டியும் சும்மா நிற்கிற வண்டி இல்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கிற சீசன். அப்போது ஆட்கள், சாப்பாட்டுக் கூடை, மேலே கேரியரில் மூட்டை. மற்ற நாட்களில் வாடகை. நடு ராத்திரியில் யாருக்காவது நெஞ்சு வலி, பிரசவ வலி என்றால் தட்டுவது சித்தப்பா வீட்டுக் கதவைத்தான். மாதம் ஒருமுறை எங்கள் அப்பாயி முன் சீட்டில் உட்கார்ந்து சேலம் டாக்டரைப் பார்க்கப் போய்வருவார். இருபது கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 1,200 மீட்டர் இறக்கம். இந்த விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு முறைத்துக்கொண்டேன் என்பதற்கு அந்த முன் சீட் போதும்.

பிரச்சினையை ஆரம்பித்தது அண்ணன், அதாவது சித்தப்பா மகன். பாறையில் அடி தட்டுகிறது, மூக்கும் தொங்கிப்போச்சு, அதனால் முன்பக்கத்தை மூன்று அங்குலம் தூக்கிவிடலாம் என்றான். அமெரிக்காவில் பெரிய பெரிய சில்வராடோ பிக்கப்புகளை அப்படித்தான் தூக்குகிறார்களாம். வீடியோவில் பார்த்திருக்கிறான்.

"ஸ்பிரிங் மாத்த வேண்டாம், ஒண்ணும் வாங்க வேண்டாம். அடியில ரெண்டு போல்ட் இருக்குதாம்டா. திருகுனா வண்டி எந்திரிச்சுக்குமாம். கம்பியும் நல்லா இறுகிக்கும், லோடும் தாங்கும்."

இதில் முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதிதான் வில்லங்கம்.

டார்ஷன் பார் என்பது ஒரு நீளமான எஃகுக் கம்பி. சேஸிக்கு இணையாக, வண்டியின் நீளவாக்கில் படுத்திருக்கும். முன்முனை சக்கரத்தைத் தாங்கும் கையோடு சேர்ந்திருக்கும் (சில வண்டிகளில் கீழ்க் கை, சிலவற்றில் மேல் கை). பின்முனை சேஸியில் ஒரு குட்டி நெம்புகோலில் மாட்டியிருக்கும். சக்கரம் மேடு ஏறினால் கை மேலே போகும், கம்பி முறுக்கிக்கொள்ளும், பிறகு திரும்ப விடுபடும். ஈரத் துணியைப் பிழிகிறோமே, அந்த வேலைதான். சுருள் ஸ்பிரிங்கிலும் உள்ளே நடப்பது இதே முறுக்கல்தான் என்று வாத்தியார் சொன்னபோது வகுப்பில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தீர்கள், பெயர் சொல்ல மாட்டேன்.

இது ஒன்றும் அமெரிக்கச் சமாச்சாரம் இல்லை. ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931இல் இதற்குக் காப்புரிமை கேட்டார். 1934இல் சித்ரோயன் டிராக்‌ஷன் அவாந்த் காரில் வந்தது. 1948இல் மோரிஸ் மைனர். அதன் பெரிய அண்ணனான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் இங்கே அம்பாசடர் ஆனது. 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை உத்தரபாராவில் செய்த அத்தனை அம்பாசடருக்கும் முன்னால் டார்ஷன் பார்தான். டாடா சஃபாரியின் முதல் தலைமுறை, திருவள்ளூர் ஆலையிலிருந்து வந்த பழைய பஜெரோ எல்லாம் அதே ஜாதி. சென்னை ஆவடியில் செய்த விஜயந்தா டாங்கியும், பிறகு அங்கேயே செய்த டி-72 டாங்கியும் நிற்பது கூட முறுக்குக் கம்பிகள் மேல்தான். நாற்பது டன் டாங்கி என்றால் கம்பியும் அதற்கேற்ற தடிமன்.

இப்போது சத்தியம் செய்த அந்த ஒரே சூத்திரம். கம்பியின் விறைப்பு மூன்று விஷயங்களால்தான் தீர்மானமாகிறது. எந்த உலோகம், எவ்வளவு நீளம், எவ்வளவு விட்டம். நீளம் இரட்டித்தால் விறைப்பு பாதியாகும். விட்டமோ நான்காம் அடுக்கில் வேலை செய்யும். பத்து சதவீதம் தடிமனைக் கூட்டினால் விறைப்பு 46 சதவீதம் கூடிவிடும். இந்த மூன்றில் 'போல்ட்டை எத்தனை சுற்று திருகினாய்' என்பது எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. கம்பி அதே கம்பி, விறைப்பும் அதே விறைப்பு.

பிறகு வண்டி எப்படி எழுந்திருக்கிறது? போல்ட் பின்முனை நெம்புகோலைத் தள்ளுகிறது, நெம்புகோல் கம்பியை ஒட்டுமொத்தமாகச் சுழற்றுகிறது, சக்கரத்தின் கை கொஞ்சம் கீழே இறங்குகிறது, வண்டி மேலே வருகிறது. சமதளத்தில் நிற்கும்போது சக்கரத்தின் மேல் இருக்கும் எடை மாறவில்லை. அதனால் கம்பியில் இருக்கும் முறுக்கும் ஏறக்குறைய பழைய அளவிலேயேதான் இருக்கும். கயிற்றுக் கட்டிலின் காலுக்குக் கீழே செங்கல் வைத்தால் கட்டில் உயரும், கயிறு இறுகாது. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "அப்போ தூக்குனவன் வண்டியெல்லாம் ஏன் கல்லு மாதிரி இருக்குது?" என்று மடக்கினான். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரிந்தால் முழு விஷயமும் தெரிந்த மாதிரி.

சக்கரத்துக்கு மேலேயும் கீழேயும் போக ஒரு எல்லை உண்டு. இரண்டு முனையிலும் ரப்பர் கட்டை இருக்கும். உதாரணத்துக்கு மொத்தம் ஆறு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிற்கும்போது மேலே மூன்று, கீழே மூன்று. வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினால் மேலே ஐந்து, கீழே ஒன்று. மூன்று தூக்கினால் கீழே பூஜ்யம்! வண்டி நிற்கும்போதே கை கீழ் எல்லையில் முட்டிக்கொண்டு இருக்கும். சின்னப் பள்ளம் வந்தால் சக்கரம் அதற்குள் இறங்க வேண்டும், ஆனால் இறங்க இடமில்லை. 'டொக்' என்று முட்டும். ஷாக் அப்சார்பரும் முழுசாக நீண்டு நின்றுவிடும். அந்த 'டொக்'கைத்தான் 'கம்பி நல்லா இறுகியிருக்கு' என்று நம் ஆட்கள் பெருமைப்படுகிறார்கள்.

மேட்டில் ஏறுவதைப் பற்றியே எல்லோரும் யோசிக்கிறோம். சக்கரம் கீழே இறங்குவதுதான் பிடிமானம். கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும், உள்பக்கச் சக்கரம் கீழே நீட்டித் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மழை பெய்து இலை விழுந்த ரோடு, கீழ் நோக்கிய இறக்கம், கால் பிரேக்கில். அந்த நேரம் ஒரு சக்கரம் அந்தரத்தில் கை காட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அண்ணனின் சிநேகிதன் ஒருவன் ஏற்கனவே தன் வண்டியை இப்படித் தூக்கியிருந்தான். ஒருநாள் அதில் அடிவாரம் வரை போய்வந்தோம். ஒவ்வொரு வேகத்தடை இறக்கத்திலும் டொக். ராத்திரி ஹெட்லைட் ரோட்டைப் பார்க்காமல் மரத்து மேல் இருக்கும் குரங்கைத் தேடிக்கொண்டு போனது. முன் டயர் இரண்டும் வெளி ஓரம் மட்டும் மொட்டை. இதுவும் கணக்குப்படிதான். கை கீழே இறங்கினால் சக்கரத்தின் தலைப்பக்கம் வெளியே சாயும். டை ராடின் கோணமும் மாறிவிடுவதால் இரண்டு சக்கரமும் நேர்கோட்டை விட்டுவிடும். அலைன்மெண்ட் செய்யாமல் ஓட்டினால் டயர் கடைக்காரர் வீட்டில் விசேஷம்தான். அந்தச் சிநேகிதன் மட்டும், "கெத்தா இருக்குதில்ல?" என்றான். இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

சித்தப்பா இரண்டு பேர் பேச்சையும் கேட்டுவிட்டு, "பாய்கிட்ட காட்டலாம்" என்று முடித்துவிட்டார். பாய் எங்கள் வீட்டு வண்டிகளுக்கெல்லாம் வைத்தியர். கோரிமேடு பக்கம் பட்டறை. அம்பாசடர் காலத்திலிருந்து கை கறுத்தவர்.

அண்ணன் மூன்று அங்குலம் என்றதும் அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "அளந்து பாத்துட்டுப் பேசுவோம் தம்பி. வண்டி காலி பண்ணுங்க" என்றார். மட்டமான சிமெண்ட் தரை. நாலு டயரிலும் காற்றைச் சரிபார்த்தார். பம்பரைப் பிடித்து நாலு தடவை அமுக்கி விட்டார். பிறகு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பு வைத்தார். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுத்துவிடும், அதனால் நடுப்புள்ளி. இடது பக்கத்தை விட வலது பக்கம் ஒரு விரல் தாழ்வு. டிரைவர் எப்போதும் உட்காரும் பக்கம், வயசாகிவிட்டது, அவ்வளவுதான். பின்பக்கம் அளந்ததும், "பட்டை ஒண்ணு சேத்திருக்கீங்களா?" என்று கேட்டார். மூட்டைக்காக மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டது சித்தப்பாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூக்கு தொங்கியது பாதி, பின்புறம் தூக்கியது மீதி.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இங்க வாங்க, உங்க பாறை எங்க கையெழுத்துப் போட்டிருக்குதுன்னு பாருங்க" என்று கூப்பிட்டார். முன்னால் ஆயில் சம்ப்பில் ஒரு கீறல் கூட இல்லை. கீறல் முழுக்க பின் ஆக்ஸில் நடுவில், டிஃப்ரன்ஷியல் குண்டின் அடியில். வெள்ளி மாதிரிப் பளபளவென்று.

அந்தக் குண்டு ஸ்பிரிங்குக்கு மேலே இல்லை, கீழே இருக்கிறது. இரண்டு பின் சக்கரங்களுக்கு நடுவே ஆக்ஸிலோடு ஒட்டியே போகிறது. முன்னால் மூன்று அங்குலம் தூக்கினாலும், பின்னால் இன்னும் பத்துப் பட்டை சேர்த்தாலும், தரைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கூட மாறாது. பெரிய டயர் போட்டால்தான் மாறும், அதுவும் டயர் கூடிய உயரத்தில் பாதி அளவுக்குத்தான். அண்ணன் அடியில் படுத்தபடியே ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சட்டம் வேறு இருக்கிறது. கம்பெனி சொன்ன உயரத்துக்குக் கொண்டுவருவது பராமரிப்பு. அதைத் தாண்டித் தூக்குவது மாற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இதை இறுக்கியே சொன்னது. அதே வருஷத் திருத்தத்தில் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது. வாடகை வண்டி என்றால் எஃப்.சி. காட்டும்போதும், விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போதும் இது கழுத்தைப் பிடிக்கும். அபராதத்தை விட எனக்கு இரண்டாவதுதான் பயம்.

பாய் போல்ட்டைத் தொட்டார், ஆனால் புத்தக அளவுக்கு மட்டும். முதல் நாள் சாயங்காலமே துருப்பிடித்த மரைகளில் எண்ணெய் விட்டு ஊற வைத்தார். மறுநாள் போல்ட் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து குறித்து, மரையில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டார். எங்கிருந்து கிளம்பினோம் என்பதற்கு அடையாளம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேஸிக்கு ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்களைத் தொங்கவிட்டார். பாரம் இருக்கும்போது திருகினால் மரை அறுந்து போகும். அப்போதும் கம்பியில் முறுக்கு மிச்சம் இருக்கும் என்பதால், போல்ட்டை முழுசாகக் கழற்றும் பேச்சே கிடையாது. அதற்கென்று தனிக் கருவி இருக்கிறது. அது இல்லாமல் கழற்றினால் நெம்புகோல் கையை ஒடிக்கும்.

வலது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் அதை விடக் கொஞ்சமாக. எத்தனை சுற்று என்று கேட்டேன். "சுத்தைப் பாக்காதீங்க தம்பி, டேப்பைப் பாருங்க" என்றார். இறக்கியவுடன் அளக்கவும் விடவில்லை. முன்னும் பின்னும் பத்தடி உருட்டச் சொன்னார். ஜாக்கியிலிருந்து இறங்கும்போது சக்கரங்கள் உள்பக்கம் ஒடுங்கித் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், வண்டி உண்மையான உயரத்துக்கு வராது. உருட்டினால்தான் விரியும். இப்படித் தூக்கி, இறக்கி, உருட்டி, அளந்து நான்கு முறை. வீடியோவில் இதையெல்லாம் வெட்டிவிடுவார்கள் போல.

நடுவில் டீ வந்தபோது கம்பியின் முனையில் உள்ள குறியைக் காட்டினார். இடது கம்பி வேறு, வலது கம்பி வேறு. தயாரிக்கும்போதே வேலை செய்யும் திசையில் ஒருமுறை அளவுக்கு மீறி முறுக்கி எடுத்திருப்பார்கள், அதனால் அந்தத் திசையில்தான் பலம். மாற்றி மாட்டினால் சீக்கிரம் தளர்ந்துவிடும். சுத்தியலால் தட்டக் கூடாது, பக்கத்தில் வெல்டிங் வைக்கும்போது பொறி படக் கூடாது. முறுக்கும் கம்பியில் அழுத்தம் அதிகம் இருப்பது வெளித் தோலில்தான், விரிசலும் அங்கேதான் ஆரம்பிக்கும். இதையும் வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள். பெயிண்ட் உரிந்த இடத்தில் அவர் விரலால் தடவிப் பார்த்தபோதுதான் எனக்கு அந்தப் படம் புரிந்தது.

கடைசியில் அலைன்மெண்ட், ஹெட்லைட் சரிசெய்தல். கூடுதல் பட்டையை எடுக்கச் சொன்னார். சித்தப்பா சீசன் முடியட்டும் என்றார், அதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் வண்டி அவருடையது.

பாறை மட்டும் பாறையாக இருந்தது. அடுத்த ஞாயிறு அண்ணன் கடப்பாரையோடு இறங்கினான். ரெண்டு மணி நேரம் போராடி ஒரு தேங்காய் அளவு சில்லுதான் உடைந்தது. சேர்வராயன் மலைப் பாறையிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது. பிறகு அவனுக்கே தோன்றியது, சக்கரம் போகும் ரெண்டு பள்ளத்தையும் நிரப்பினால் என்ன? உடைந்த கருங்கல், மேலே ஜல்லி, அதற்கு மேலே செம்மண். நான், அண்ணன், பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் இருவர், ஒரு நாள் முழுக்க. மூன்று அங்குலத்துக்கும் கொஞ்சம் கூடவே வந்தது. வண்டியைத் தூக்க ஆசைப்பட்டவன் ரோட்டைத் தூக்கிவிட்டான். இப்போது குண்டு தட்டுவதில்லை. அப்பாயி இந்த மாதம் டாக்டரிடம் போய்வந்து, "என்னடா, சத்தமே காணோம், வண்டி மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

மழையில் ஜல்லி ஓரமாக அரித்திருக்கிறது. வருகிற ஞாயிறு இன்னும் பத்துக் கூடை போட வேண்டும். ஏற்காடு சுத்திப் பார்க்க வருகிறேன் என்று மூன்று செமஸ்டராகச் சொல்லிக்கொண்டிருக்கும் வகுப்புத் தோழர்கள் தாராளமாக வரலாம். மண்வெட்டி இருக்கிறது, கையுறை மட்டும் கொண்டுவரவும் :-)